மடி நிறைந்தால் வருமானம் நிறையுமா?

விசைப்படகு இழுத்துச் செல்லும் வலையான இழுவை மடியின் கண்ணி எவ்வளவு சிறுக்கிறதோ அவ்வளவுக்கு வருமானம் பெருகும் என்ற நம்பிக்கை விசைப்படகுத் தொழிலில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கண்ணி சிறுத்தால் எடை கூடுவது மெய்தான். ஆனால், கூடும் எடையில் பெரும்பங்கு மீன்மாவு ஆலைக்கும் கோழித்தீவனத்துக்கும் அடிமாட்டு விலைக்குப் போகும் கழிசல் என்பதும், வளரவிட்டிருந்தால் நல்ல விலை பெற்றிருக்கும் மீன்களின் குஞ்சுகளும் அதில் அடக்கம் என்பதும் எடைக்கணக்கில் தெரிவதில்லை.

தமிழ்நாட்டு விதிகள் கூறும் 40 மில்லிமீட்டர் கண்ணி அளவைப் பின்பற்றினாலே குஞ்சுகள் தப்பிவிடும் என்று கருதுவதும் முழு உண்மையன்று. மடியின் கடைசியில் மீன் திரளும் பைப்பகுதியில் வழக்கமாக உள்ள சாய்சதுரக் கண்ணிகள், இழுவிசை ஏற ஏற நீளவாக்கில் விறைத்துப் பக்கவாட்டில் மூடிக்கொள்கின்றன. திரண்ட மீனுக்குச் சற்று முன்னால் பை உப்பும் இடத்தில் மட்டுமே அவை ஓரளவு திறந்திருக்கும். அதே வலைத்துணியை 45 பாகை திருப்பித் தைத்தால் கண்ணி சதுரமாகிறது. அப்போது இழுப்புத் திசையில் ஓடும் இழைகள் பளுவைத் தாங்க, குறுக்கிழைகள் விலகியே நிற்பதால் கண்ணி மூடுவதில்லை. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இச்சதுரக் கண்ணிப் பையைப் பரிந்துரைத்து வருகிறது. எனினும் இது எல்லா மீனுக்கும் பொருந்தும் மருந்தன்று: நாக்கு மீன் போன்ற தட்டை உடல் மீன்கள் நுழைந்து வெளியேறச் சாய்சதுரமே ஏற்றது.

எஞ்சினின் குதிரைத்திறனைக் கூட்டினால் மீன்பாடு கூடும் என்பது மற்றொரு நம்பிக்கை; கூடவே ஏறும் டீசல் செலவு அதில் கணக்கில் வருவதில்லை. நீரின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்பவும், அதை வெல்லத் தேவையான திறன் மும்மடிக்கு ஏற்பவும் உயர்வதால், படகு தன் வேகத்தைப் பத்து சதவீதம் குறைத்தாலே அதே தூரத்துக்கான டீசலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சும். மடியை இழுக்கும்போது தடையின் பெரும்பகுதி வலையிலிருந்தே வருகிறது. ஆகவே மடிவாயிலும் இறக்கைகளிலும் மெல்லிய, உறுதியான இழையும் அகன்ற கண்ணியும் இடுவது எஞ்சினை மாற்றுவதைவிட மலிவான வழி. அகன்ற கண்ணி வழியே மீன் ஓடிவிடும் என்ற ஐயம் பெரும்பாலும் வீண். மடிவாயை விரித்து வைக்கும் பலகைகள் கிளப்பும் சேற்றுப்புகைக்கும் அசையும் கயிறுகளுக்கும் மிரளும் மீன், அவற்றை ஊடுருவ முயலாமல் உள்நோக்கியே விலகிச் செல்கிறது.

ஆமை விலக்கிக் கருவி இறாலையும் வெளியேற்றிவிடும் என்ற அச்சத்துக்கோ விலை ஏற்கெனவே கொடுக்கப்பட்டாயிற்று. மடிக்குள் சாய்வாகப் பொருத்தப்படும் இக்கம்பிச் சட்டத்தின் இடைவெளி சுமார் 10 சென்டிமீட்டர் என்பதால் இறால் தாராளமாகப் பைக்குள் செல்ல, ஆமை மட்டும் சட்டத்தில் முட்டி மேல்வழியாகவோ கீழ்வழியாகவோ வெளியேறும். சிறிதளவு இறால் உடன் தப்புவது உண்டு. அந்தச் சிறிதளவைக் காக்க இக்கருவியைத் தவிர்த்து வந்ததன் விளைவாக, கடலில் பிடிக்கப்படும் இந்திய இறாலுக்கு அமெரிக்கா 2019 மே மாதத்தில் தன் சந்தையை மூடியது.