ஒன்றும் பலவும்: பதிவுகளைக் கொணரும் வகுப்பமைப்பு

பொருள் நோக்குச் செய்நிரலாக்கம் பயிலும் மாணவர், தரவுத்தளத்திலிருந்து ஒரு பதிவை எடுக்கும் வகுப்பை எளிதில் எழுதிவிடுவர். பல பதிவுகளை ஒருங்கே கொணருமிடத்தே இடர்ப்படுவர். அதற்குரிய நெறியைப் பதுளைத் தோட்டங்களில் யாவரும் அறிந்த செக்றோலைக் கொண்டே விளக்குவாம்.

செக்றோலில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி உண்டு. எண், பெயர், நாள்தோறும் விழுந்த முழுப்பேர், அரைப்பேர் ஆகியன அதில் அடங்கும். அவ்வரியே 'தொழிலாளி' என்னும் வகுப்பின் ஒரு பொருள். தன் பேர்களைக் கூட்டிச் சம்பளங் கணித்தல் அதன் கடமை. ஏனையோரைத் தேடிக் கொணர்தல் அதன் கடமையன்று. அதற்குச் 'செக்றோல்' என வேறொரு வகுப்பு வேண்டும். இவ்விரண்டையும் பிரித்துவைத்தலே முதல் விதி. மார்ட்டின் பவுலர் என்னும் அறிஞரும் தமது 2002ஆம் ஆண்டு நூலில், ஒரு வரிக்குரிய வாயில், அட்டவணை முழுவதற்குமுரிய வாயில் என இரு வேறு அமைப்புகளை வகுத்துக் காட்டியுள்ளார்.

இரண்டாவது விதி வினவற் சிக்கனம். 400 பேரின் எண்களை ஒரு வினவலாற் பெற்று, பின்னர் ஆளுக்கொரு வினவல் விடுத்தால் 401 வினவல்களாகும். பெரட்டுக்களத்தில் நிற்கும் கணக்கப்பிள்ளை ஆளுக்கொரு தடவை காரியாலயத்துக்கு ஓடுவாரோ? ஏட்டை ஒருமுறை கொணர்ந்து வரிசையாக வாசிப்பார். அவ்வாறே 'செக்றோல்' வகுப்பும் ஒரே வினவலால் வரிகளைப் பெற்று, ஒவ்வொன்றையும் 'தொழிலாளி'ப் பொருளாக்கித் தொகுத்தளித்தல் வேண்டும்.

மூன்றாவது விதியே தலையாயது. பிறந்த திகதியில்லாத வரியொன்று வந்தால் யாது செய்வது? வேலை முழுவதையும் நிறுத்துதல் தவறு. அவ்வரியைச் சொல்லாமல் விட்டுவிடுதல் அதனினும் பெருந்தவறு. குறையுடைய வரிகளை வேறொரு தொகுதியிற் சேர்த்துக் காரணத்துடன் காட்டுக. இரு தொகுதிகளும் கூடி ஏட்டின் மொத்தத்துக்கு ஒத்துவருகின்றனவா எனவும் எண்ணிப் பார்க்க.

இது வெறும் கணக்குத் திருத்தமன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தந்தையின் பிறப்பையோ, தந்தைவழிப் பாட்டன், பூட்டன் இருவரின் பிறப்பையோ இந்நாட்டிற் காட்டுமாறு கேட்டது. காட்டுதற்குப் பத்திரம் இன்மையால் நாடற்றவரானோர் நம் மலைநாட்டில் மிகப் பலர். அவர்தம் வழிவந்தோருள் எஞ்சியிருந்தோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே வழி திறந்தது. பதிவில் ஒரு வரி இல்லாமையின் பொருளை நம்மவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆதலின், நம் மாணவர் எக்காரியாலயத்துக்கு நிரல் எழுதினும், ஏட்டிலுள்ளோர் அனைவரும் வந்து சேர்ந்தனரா எனச் சரிபார்த்த பின்னரே பணி முடிந்ததெனக் கொள்வாராக.