சிகிச்சை முடிந்தது, கிளினிக் முடியவில்லை
மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்கும் அவர்களது குடும்பத்தினருக்குமான பாடம்

சொந்த ஊருக்குத் திரும்பும் குடும்பத்துக்கு முதலில் தேவைப்படுவது கூரை, கிணறு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், உழைக்க ஒரு வழி. இந்த வேலைகளுக்கு நடுவே வீட்டுப் பெண்ணின் கிளினிக் திகதி மறந்துபோவது வழக்கம். நலன்புரி நிலையத்திலோ, உறவினர் வீட்டிலோ, இந்தியாவிலோ இருந்தபோது மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற பலர், "வருத்தம் மாறிவிட்டது, இனி என்னத்துக்குக் கிளினிக்?" என்று நின்றுவிடுகிறார்கள்.

நிற்கக் கூடாது என்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, இந்நோய் சிலருக்குத் திரும்பி வரலாம். முதல் சில வருடங்களில் மட்டுமல்ல, பல வருடங்கள் கழித்தும் வரலாம். இரண்டாவது, பலருக்கு ஒப்பரேசனும் கதிர்ச் சிகிச்சையும் முடிந்த பின்னரும் குளிசை தொடர வேண்டும். மூன்றாவது, கைவீக்கம் போன்ற பக்கவிளைவுகள் பிந்தியும் தோன்றலாம்.

1. கடதாசிகளைச் சேர்த்து வையுங்கள்

புதிய வைத்தியர் உங்களைப் பார்க்கும்போது அவருக்குத் தேவைப்படுபவை: வைத்தியசாலையில் துண்டு வெட்டியபோது தந்த நோய் நிர்ணய அட்டை, கட்டியைப் பரிசோதித்த அறிக்கை, ஏற்றிய மருந்துகளின் விபரம், கதிர்ச் சிகிச்சை பெற்ற திகதிகள், இப்போது குடிக்கும் குளிசையின் பெயர். எல்லாவற்றையும் ஒரே பொலித்தீன் உறையில் வையுங்கள். கைத்தொலைபேசியில் படமும் எடுத்து வையுங்கள்.

இடப்பெயர்வில் கடதாசி தொலைந்திருந்தால் வெட்கப்பட்டு வீட்டில் இருக்க வேண்டாம். இப்படிச் சொல்லலாம்: "டொக்டர், எனக்கு இந்த வருஷம், இந்த ஆஸ்பத்திரியில ஒப்பரேசன் செய்தது. கடதாசி தொலைஞ்சிட்டுது. இந்தக் குளிசைதான் குடிச்சனான்." வெறும் குளிசை மட்டையாவது கொண்டு செல்லுங்கள். இந்தியாவிலிருந்து திரும்ப இருப்பவர்கள், புறப்படும் முன்பே அங்குள்ள வைத்தியரிடம் சிகிச்சைச் சுருக்கம் ஒன்றை எழுதி வாங்குங்கள்.

2. எங்கே போவது?

வடக்கில் உள்ளவர்களுக்குத் தெல்லிப்பழை வைத்தியசாலையில் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு உள்ளது. 2011 ஆம் ஆண்டு தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து திரட்டிய நிதி இதற்கெனவே சேர்க்கப்பட்டது. தேசிய புற்றுநோய் வைத்தியசாலை மகரகமவில் உள்ளது. முன்பு மகரகமவில் கிளினிக் சென்றவர்கள், ஊருக்குக் கிட்டவுள்ள வைத்தியசாலைக்கு மாற்றித் தரும்படி கடிதம் கேட்கலாம்.

அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஆனால் பஸ் காசும் ஒரு நாள் கூலியும் பலரைத் தடுத்துவிடுகின்றன. தூரத்திலிருந்து வருவதை வைத்தியரிடம் சொல்லி, கூடிய நாட்களுக்குக் குளிசை தர முடியுமா என்று கேளுங்கள். நோயாளர்களுக்கான உதவிப்பணம் பற்றிப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் விசாரியுங்கள். எங்கே தொடங்குவதென்று தெரியாவிட்டால் உங்கள் பகுதி மருத்துவ மாதுவிடம் அல்லது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள்.

3. எத்தனை மாதத்துக்கு ஒருமுறை?

பொதுவாக முதல் 3 வருடங்களுக்கு 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறையும், 4 ஆம், 5 ஆம் வருடங்களில் 6 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறையும், அதன் பின் வருடம் ஒருமுறையும் வைத்தியரிடம் காட்ட வேண்டும். மீதமுள்ள மார்பகத்துக்கு வருடம் ஒருமுறை மமோகிராம் படம் எடுக்கச் சொல்வார்கள். உங்கள் வைத்தியர் வேறு திகதி தந்தால் அதையே பின்பற்றுங்கள்.

4. குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம்

ஓமோனால் வளரும் வகைக் கட்டி இருந்தவர்களுக்குத் தமொக்சிபென், லெட்ரோசோல், அனாஸ்ட்ரசோல் போன்ற குளிசைகள் தரப்படும். இவற்றை நாள்தோறும் குறைந்தது 5 வருடங்கள், சிலர் 10 வருடங்கள் வரை குடிக்க வேண்டும். உடம்பில் ஒரு நோவும் இல்லாத நாளிலும் இக்குளிசை நோய் திரும்புவதைத் தடுக்கும் வேலையைச் செய்கிறது. ஒருநாள் மறந்தால் மறுநாள் இரண்டாகக் குடிக்க வேண்டாம். முடிவதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே அடுத்த தொகுதியை எடுக்கப் பாருங்கள். தகரக் கொட்டிலில் இருப்பவர்கள் குளிசையைக் கூரைக்குக் கீழே சொருகாமல், வெக்கையும் ஈரமும் இல்லாத மூலையில் பெட்டியில் வையுங்கள்.

உடம்பு திடீரெனச் சூடாகி வியர்ப்பது, மூட்டு நோவு ஆகியவை வரலாம். தாங்க முடியாவிட்டால் வைத்தியரிடம் சொல்லுங்கள், வழி உண்டு. தமொக்சிபென் குடிப்பவருக்கு வழமைக்கு மாறான இரத்தப்போக்கு ஏற்பட்டால் காலந்தாழ்த்தாமல் காட்ட வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தால், அல்லது திடீரென மூச்சு முட்டினால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இக்குளிசை குடிக்கும் காலத்தில் கர்ப்பம் தரிக்கக் கூடாது. ஆனால் ஓமோன் கலந்த குடும்பத்திட்டக் குளிசையோ ஊசியோ உங்களுக்கு ஏற்றதல்ல. மருத்துவ மாதுவிடம் உங்கள் நோயைப் பற்றிச் சொல்லி, வேறு முறையைக் கேளுங்கள்.

5. கையைக் காப்பாற்றுங்கள்

கமக்கட்டிலுள்ள நிணநீர் முடிச்சுகளை அகற்றியவர்களுக்கு அந்தப் பக்கக் கை வீங்கலாம். அந்தக் கையில் படும் சிறு காயமும் விரைவில் கிருமி பிடிக்கும். பல வருடம் பாழடைந்த வளவில் பற்றை வெட்டும்போது இதை மறக்க வேண்டாம். கையுறையும் நீண்ட கைச் சட்டையும் அணியுங்கள். முள் கீறினால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

கையை அசைக்காமல் வைத்திருப்பதும் பிழை. காட்டித் தந்த பயிற்சியை நாளாந்தம் செய்யுங்கள். தண்ணீர் தூக்கும் வேலையைச் சிறு பாத்திரத்தில் தொடங்கி மெதுவாகக் கூட்டுங்கள். முடிந்தவரை ஊசியும் பிரசர் பார்ப்பதும் மற்றக் கையில் நடக்கட்டும்.

6. அடுத்த திகதிவரை காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

• வெட்டிய தழும்பில், கமக்கட்டில், கழுத்தடியில் அல்லது மற்ற மார்பகத்தில் புதிய கட்டி
• தோலில் புண், தடிப்பு அல்லது முலைக்காம்பில் மாற்றம்
• மாறாத எலும்பு நோவு அல்லது முதுகு நோவு
• மாறாத இருமல், மூச்சுத் திணறல்
• காரணமின்றி மெலிதல், கண் மஞ்சளாதல், விடாத தலையிடி

இவற்றில் ஒன்று இருந்தால் அது புற்றுநோய்தான் என்று அர்த்தமில்லை. ஆனால் வைத்தியர் பார்த்துத்தான் அதைச் சொல்ல வேண்டும். நாட்டு வைத்தியம் செய்பவர்கள் அதையும் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

7. வீட்டார் செய்ய வேண்டியது

புற்றுநோய் தொற்றாது. ஒரே கோப்பையில் தேநீர் குடிப்பதாலோ, அவர் சமைத்ததைச் சாப்பிடுவதாலோ, பிள்ளை மடியில் படுப்பதாலோ யாருக்கும் வராது. தனிப் பாத்திரம் வைப்பதால் எந்தப் பயனும் இல்லை; அவரது மனம் மட்டும் நோகும்.

கணவர் ஒரு தடவையாவது கிளினிக்குக்குக் கூடப் போங்கள். கணவரை இழந்து தனியே குடும்பத்தைத் தாங்கும் பெண் அயலில் இருந்தால், கிளினிக் நாளில் அவரது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு உதவியே பலருக்குக் கிளினிக் போவதற்கும் நின்றுவிடுவதற்கும் இடையிலான வித்தியாசம். 35 வயதைக் கடந்த சகோதரிகளும் மகள்மாரும் சுகவனிதையர் கிளினிக்கில் தங்களைப் பரிசோதித்துக்கொள்ளட்டும். தாய்க்கோ சகோதரிக்கோ இந்நோய் இருந்ததை அங்கே கட்டாயம் சொல்ல வேண்டும்.

குழுவாகக் கதைப்போம்

1. எங்கள் கிராமத்திலிருந்து கிளினிக் போகப் பஸ் எத்தனை மணிக்கு? இருவர் மூவர் ஒரே நாளில் திகதி கேட்டுச் சேர்ந்து போக முடியுமா?
2. கிளினிக்கை நிறுத்திவிட்ட ஒருவர் எங்கள் அயலில் இருக்கிறாரா? அவரிடம் யார் போய்க் கதைப்பது?
3. எங்கள் வீட்டில் குளிசை எப்போது முடிகிறது? அந்தத் திகதி நாட்காட்டியில் குறிக்கப்பட்டுள்ளதா?

மூன்றாவது கேள்விக்கு "இல்லை" என்பது விடையானால், இன்று வீட்டுக்குப் போனதும் அதைக் குறித்துவிடுங்கள்.