மாடி எழுப்பினால் பழைய கழிவுநீர் இணைப்பு போதுமா?

கேள்வி: சென்னையில் எங்கள் வீட்டின்மேல் இரண்டு மாடி எழுப்பி வாடகைக்கு விடப்போகிறோம். பழைய பாதாளச் சாக்கடை இணைப்பிலேயே புதுக் குழாயையும் சேர்த்துவிடலாம் என்கிறார் பிளம்பர். சேர்க்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். வீட்டுக்குள் குழாய் போடுவது பிளம்பர் வேலை. தெருச் சாக்கடையில் என்ன சேரலாம் என்பதைச் சொல்ல வேண்டியது சென்னைக் குடிநீர் வாரியம். வாரியத்தை அமைத்த 1978-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த அதிகாரத்தை அதற்குத்தான் கொடுத்திருக்கிறது. கட்டட அனுமதி, சொத்து வரி ரசீதோடு வாரியத்திடம் விண்ணப்பியுங்கள். ஒரு குடும்பத்துக்குப் போட்ட குழாய் மூன்று குடும்பத்தைத் தாங்குமா என்று பொறியாளர் வந்து பார்க்கட்டும். சாலையைத் தோண்டவும் தனி அனுமதி வேண்டும்.

பொறியாளர் வரும்முன் மொட்டைமாடிக் குழாய் எங்கே இறங்குகிறது என்று பாருங்கள். பல வீடுகளில் அது சத்தமில்லாமல் கழிவுநீர்த் தொட்டிக்குள் போயிருக்கும். அடைமழையில் மேன்ஹோல் பொங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். திட்டு மட்டும் வாரியத்துக்கு! மழைநீரைச் சேகரிப்புத் தொட்டிக்குத் திருப்பிவிடுங்கள். கழிவுநீரை மாநகராட்சியின் மழைநீர் வடிகாலில் விடலாம் என்று யாராவது யோசனை சொன்னால், காதில் வாங்காதீர்கள். அது கூவம், அடையாறு போன்ற நீர்வழிகளில்தான் போய்ச் சேரும். பிடிபட்டால் இணைப்பைத் துண்டிப்பார்கள்.