ஏலகிரியில் நாள் வாடகைக் குடில்: கட்டுமுன் கணக்குப் பாருங்கள்

திருப்பத்தூர் மாவட்டம் ஏலகிரி மலை சுமார் 1,100 மீட்டர் உயரம். 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் சனி, ஞாயிறுகளில் மக்கள் வந்த வண்ணம் உள்ளனர். அடிவாரத்து ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களும் குடும்பத்தோடு ஏறி வருவதுண்டு. இதைப் பார்த்து, பலாவும் கொய்யாவும் நிற்கும் தோட்டத்தின் ஓரத்தில் பத்தடிக்கு இருபதடியில் ஒரு குடில் கட்டி நாள் வாடகைக்கு விட்டால் என்ன என்ற எண்ணம் சிறு விவசாயிகளுக்கு எழுவது இயல்பே. விடலாம். ஆனால் கடன் வாங்கிக் கட்டலாமா என்பது வேறு கேள்வி.

முதலில் எண்ண வேண்டியது இரவுகளை. ஆண்டில் வெள்ளி, சனி இரவுகள் 104. அடைமழை, பரீட்சைக் காலம் போக 80 என்று வைத்து, கோடை விடுமுறை, பண்டிகை நாட்களுக்கு 10 கூட்டினால் 90 ஆகும். மற்ற நாட்களில் குடில் பூட்டித்தான் கிடக்கும்.

உதாரணமாக, குடிலுக்கு ரூ.5 லட்சம் செலவு, முழுவதும் 12 சத வட்டிக் கடன், ஓர் இரவுக்கு ரூ.1,500 வாடகை என்று கொள்வோம். 90 இரவுக்கு வரவு ரூ.1,35,000. வட்டி ரூ.60,000, ஆள் பிடித்துத் தருவோருக்கு 15 சதக் கமிஷன் ரூ.20,250, துணி வெளுப்பு, துப்புரவு, மின்சாரம் இரவுக்கு ரூ.300 வீதம் ரூ.27,000, பழுதுபார்க்க ரூ.15,000. மிச்சம் ரூ.12,750. அசலில் ஒரு ரூபாய்கூட இன்னும் கழியவில்லை! நிலப் பத்திரத்தை அடமானம் வைத்திருந்தால், ஒரு கோடை படுத்துவிட்டாலும் அடி விழுவது நிலத்தின் மேல்தான்.

அதைவிட, குடியிருக்கும் வீட்டிலேயே ஓர் அறையைச் சீர் செய்து, தனிக் கழிப்பறை சேர்ப்பது மேல். இதற்கு ரூ.75,000 கடன் என்று கொண்டு, வாடகை ரூ.1,000 மட்டுமே வந்தாலும், வட்டி, கமிஷன், அன்றாடச் செலவு, ரூ.5,000 பழுதுச் செலவு எல்லாம் போக ரூ.35,500 நிற்கும். இரண்டு ஆண்டு சொச்சத்தில் கடன் தீரும். களி, கோழிக் குழம்பு, தோட்டத்துப் பலா, மலைத் தேன் விற்கும் காசு தனி. உரிமையாளர் குடும்பத்தோடு வசிக்கும் வீட்டில் 6 அறை வரை பதிவு செய்துகொள்ள மத்திய சுற்றுலாத் துறையின் திட்டமும் இடம் தருகிறது.

கைப்பணம் இருந்து குடிலே கட்டுவோர், ஊராட்சி அனுமதியோடு, மலைப்பகுதிக் கட்டுப்பாடு தங்கள் சர்வே எண்ணுக்கு உண்டா என்பதையும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பெறுதல் நலம். தகரக் கூரை வேண்டாம். பகலில் சுடும், மழையில் இரைச்சல் தாங்காது. ஓடு போதும். கழிவுநீர் உறிஞ்சுகுழி குடிநீர்க் கிணற்றிலிருந்து 60 அடியாவது தள்ளி, சரிவின் கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும். இதில் சிக்கனம் பார்த்தால் அண்டை வீட்டுக் கிணறும் சேர்ந்து கெடும்.

விவசாயப் பம்புசெட்டின் இலவச மின்சாரம் பாசனத்துக்கு மட்டுமே உரியது. அதிலிருந்து குடிலுக்கு விளக்கு இழுத்தாலோ தொட்டி நிரப்பினாலோ இணைப்புக்கே ஆபத்து. தனி இணைப்பு பெறுங்கள். அறை வாடகை விவசாய வருமானம் ஆகாது என்பதால் வருமான வரிக் கணக்கில் சேரும். வருவோர் பெயர், முகவரி, அடையாள அட்டை விவரங்களைப் பதிவேட்டில் எழுதி வையுங்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடியேற்ற அதிகாரிகளுக்குத் தெரிவிப்பது கட்டாயம்.

"நிலத்தைக் கொடுங்கள், குடில்களை நாங்களே கட்டி நடத்துகிறோம்" என்று வெளியூர்க்காரர் வந்தால், முன்பணத்தைப் பார்த்து முழு ஏக்கரையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டாம். சில சென்ட் மட்டும் அளந்து குத்தகைக்கு விடலாம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையானால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாக வேண்டும். கிணற்றுத் தண்ணீரில் அவர்களுக்கு எவ்வளவு, தவணை முடிந்தபின் கட்டிடம் யாருக்கு என்ற இரண்டும் பத்திரத்தில் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.