வெற்றி என்பது யாது?

"வாழ்வில் வெற்றி பெறுக" என்று வாழ்த்தாத பெரியோர் இல்லை. ஆயினும் வெற்றி என்பது யாது என்று வினவினால் ஆளுக்கொரு விடை கூறுவர். செல்வம் என்பார் சிலர். பதவி என்பார் சிலர். பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களுக்கோ இவ்வாண்டு வெற்றி ஓர் எண்ணாகவே காட்சி தருகிறது. ஐந்நூறுக்கு எத்தனை? உறவினர் வீட்டுத் திருமணத்திலும், தெருக் குழாயடியிலும் எங்களை எதிர்கொள்ளும் கேள்வி அதுவே.

தேர்வு முடிந்ததும் எங்கள் வகுப்பு பிரிந்துவிடும். சிலர் மேல்நிலை வகுப்பில் சேர்வர்; சிலர் பாலிடெக்னிக் செல்வர். சிலருடைய படிப்பை வீட்டு நிலைமை நிறுத்திவிடவும் கூடும். அவர்கள் பின்னாளில் ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனி வேனில் ஏறக்கூடும். இவர்களுள் வென்றவர் யார், தோற்றவர் யார் என்பதை ஒரு மதிப்பெண் பட்டியல் முடிவு செய்துவிடுமா? இதற்கு விடை காண, நம் வேலூரில் வாழ்ந்த ஒரு பெண்மணியின் வரலாற்றைப் பார்ப்போம்.

தடைப்பட்ட பாதை

டாக்டர் மேரி வர்கீஸ் 1925ஆம் ஆண்டு கேரளத்தில் கொச்சிப் பகுதியில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்று மருத்துவரானார். மகளிர் மருத்துவத்தில் சிறப்புப் பயிற்சி பெறவேண்டும் என்பது அவரது ஆசை. 1954ஆம் ஆண்டு ஜனவரியில், உடன் பணியாற்றியோருடன் அவர் சென்ற வண்டி விபத்துக்குள்ளானது. முகத்தில் பெருங்காயம், முதுகுத்தண்டிலும் அடி. இடுப்புக்குக் கீழே உடல் உணர்ச்சியற்றுப் போயிற்று. எழுந்து நிற்க இயலாத அவர் எவ்வாறு அறுவைச் சிகிச்சை செய்வார்? ஊரார் கணக்குப்படி அவர் வாழ்வு அன்றோடு தோற்றுவிட்டது.

எஞ்சியிருந்த கைகள்

அக்காலத்தில் அதே மருத்துவமனையில் டாக்டர் பால் பிராண்ட் என்னும் அறுவைச் சிகிச்சை நிபுணர் தொழுநோயாளரின் கைகளைச் சீராக்கி வந்தார். உட்கார்ந்தபடியே இப்பணியைச் செய்யலாம் என்று மேரி வர்கீசுக்கு அவர் ஊக்கமூட்டினார். கால்கள் போயினும் கைகள் இருந்தன; கற்ற கல்வியும் இருந்தது. சக்கர நாற்காலியில் அமர்ந்தே அவர் அறுவைச் சிகிச்சை செய்யத் தொடங்கினார்.

அந்தச் சிகிச்சையின் முறையை நாம் அறிந்துகொள்வது நல்லது. தொழுநோய் கையின் நரம்பைத் தாக்கினால் அங்குள்ள சிறு தசைகள் செயலிழக்கும். விரல்கள் பறவையின் நகம் போல மடங்கிவிடும். கவளம் எடுத்து உண்பதும் கடினமாகும். செத்த தசையை எந்த மருத்துவராலும் உயிர்ப்பிக்க இயலாது. ஆகவே, நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் வேறொரு தசையின் நாணை எடுத்து, மடங்கிய விரல்களில் இணைப்பார்கள். பிறகு பயிற்சியினால் அந்தத் தசை புதிய வேலையைக் கற்றுக்கொள்ளும், விரல்கள் நிமிரும். இழந்ததை நினைத்து நில்லாமல், எஞ்சியிருப்பதற்குப் புதிய வேலை தருவதே இச்சிகிச்சையின் இரகசியம். மேரி வர்கீஸ் நோயாளியின் கைக்குச் செய்ததைத் தம் வாழ்வுக்கும் செய்துகொண்டார்!

பிறருக்குத் திறந்த வழி

அவர் அத்துடன் நிற்கவில்லை. தம்மைப் போல் முடங்கியோர் நம் நாட்டில் எத்தனையோ பேர் உண்டு என எண்ணினார். நியூயார்க் நகருக்குச் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். திரும்பி வந்து, 1963இல் வேலூரில் அத்துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1966இல் நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் பாகாயத்தில் உருவாயிற்று. மரத்திலிருந்து விழுந்தோர், விபத்தில் முதுகு முறிந்தோர் முதலியோர் இத்தகைய நிலையத்தில் கட்டிலிலிருந்து தாமே நாற்காலிக்கு மாறவும், படுக்கைப் புண் வராமல் காத்துக்கொள்ளவும், மீண்டும் ஒரு தொழில் செய்யவும் கற்கின்றனர். 1972இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. 1986இல் அவர் மறைந்தார். அவர் வளர்த்த துறை இன்றும் பணி செய்கிறது.

நாம் கற்பது

அப்படியானால் மதிப்பெண் வேண்டாமா? படிக்காமல் இருந்துவிடலாமா? இல்லை, தோழியரே! மேரி வர்கீஸ் விபத்துக்குப் பிறகுதான் இன்னும் கடினமாகப் படித்தார். யாருக்காகப் படிக்கிறோம் என்பது தெரிந்தால் படிப்பு சுமையாவதில்லை. மதிப்பெண் ஒரு வாசல். வாசலைக் கடப்பது அவசியமே. ஆனால் வாசலிலேயே யாரும் குடியிருப்பதில்லை. ஒரு வாசல் மூடினால் வீடே இல்லையென்று அழுவதும் பேதைமை.

பெற்றோருக்கும் ஒன்று பணிவுடன் கூற விழைகிறோம். "எத்தனை மதிப்பெண்?" என்று கேட்கும் வாயால், "இதைக் கொண்டு யாருக்கு என்ன செய்யப் போகிறாய், அம்மா?" என்றும் எங்களைக் கேளுங்கள். முதல் கேள்விக்கு ஒருநாள் விடை சொன்னால் போதும். இரண்டாவதற்கு நாங்கள் வாழ்நாள் முழுதும் விடை தேடுவோம். வீட்டு நிலைமை இடம் கொடுக்குமாயின், பத்தாம் வகுப்போடு எங்கள் படிப்பை நிறுத்திவிடாதீர்கள். இடம் கொடாமல் வேலைக்குச் செல்ல நேரும் தோழியைத் தோற்றவள் என்று ஒருவரும் சொல்லாதிருப்போமாக. ஒரு கோணல் தையலும் விழாமல் நாள் முழுதும் ஷூ தைத்து, மாலையில் எங்கள் பாட நூலுக்கு அட்டை போடும் அன்னையர் இவ்வூரில் உண்டு. அவர்கள் வெல்லவில்லை என்று கூற யாருக்குத் துணிவு வரும்?

ஆகவே, விரும்பிய இடத்தை அடைவது மட்டுமே வெற்றியாகாது. நம்மிடம் உள்ளதைக் கொண்டு, நம் அருகில் விழுந்து கிடப்பவரை எழச் செய்வதே வெற்றி. அதற்கு ஐந்நூறுக்கு ஐந்நூறு பெற்றவளும் தகுதியுடையவள். தேர்வில் ஒருமுறை தவறியவளும் தகுதியுடையவள். இதை நெஞ்சில் இருத்தி, நிமிர்ந்த தலையுடன் தேர்வறைக்குச் செல்வோம்!