பின்னாலே வருகிறவர் எங்கே?



கொஞ்ச நாளைக்கு முன்னே நம்முடைய வாலிபர்கள் பதினாலு பேரோடு கொல்லிமலைக்குப் போய்வந்தேன். காவிரிக்கரைச் சமபூமியிலே வளர்ந்த நமக்கு மலை என்றால் தூரத்தில் நீலமாய்த் தெரிகிற ஒன்று, அவ்வளவுதான். நாமக்கல், சேந்தமங்கலம் தாண்டி, காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். வேனில் பாட்டும் கைத்தட்டலுமாய் ஏறினோம். (முப்பதாவது வளைவுக்குமேல் பாட்டு நின்றுபோய், பையன்கள் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருந்தார்கள்.)

ஆகாய கங்கை அருவிக்குப் போக ஆயிரத்துக்கும் அதிகமான படிகள் இறங்கவேண்டும். மற்ற மலைகளில் ஏறிவிட்டு இறங்குவோம். இங்கே முதலில் இறக்கம். சரீரம் களைத்தபிறகுதான் ஏற்றம். இறங்கும்போது யார் பலசாலி, யார் பலவீனன் என்று தெரியவே தெரியாது.

எங்களோடு சபைப் பெரியவர் ஒருவரும், பேரனுக்குத் துணையாக வந்திருந்தார். வெற்றிலைக் கொடிக்காலில் பாடுபட்ட சரீரம்தான், ஆனால் வயது அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. திரும்பி ஏறும்போது நூறு படியிலேயே நின்றுவிட்டார். "நீங்க போங்க பாஸ்டர், நான் மெதுவா வந்துடறேனுங்க" என்றார். நானும் போயிட்டேன். உண்மையைச் சொல்லுகிறேன், வாரம் ஆறு நாள் கடையிலே உட்கார்ந்திருக்கிறவன், நாற்பத்தாறு வயசிலே வாலிபர்களுக்கு ஈடாக ஏறுகிறேன் என்கிற பெருமை எனக்கு. மேலே வந்து, டீ குடித்து, ஸ்தோத்திரம் சொல்லி, தலைகளை எண்ணினால் ஒன்று குறைகிறது.

இரண்டு பையன்களைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். பாதிக்கும் கீழே, படியோரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருந்தார். முகமெல்லாம் வேர்வை, பேச்சு வரவில்லை. பழம் விற்கிற ஒரு மலைக்கார அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, அவருக்குத் தண்ணீர் கொடுத்து, முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்து, "கூட வந்தவங்க யாருமில்லையான்னு கேட்டுட்டு இருந்தேன்" என்றார்கள். அந்த நேரம் நான் ஒரு போதகன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு நாக்கு வரவில்லை.

பத்துப் படி ஏறி, உட்கார்ந்து, மறுபடியும் பத்துப் படி. மேலே வர இரண்டு மணி நேரமாயிற்று. நாமக்கல்லில் டாக்டரிடம் காட்டினோம். தேவகிருபையால் இப்போது மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு சுகமாயிருக்கிறார். ஆனாலும் அன்று இராத்திரி எனக்குத் தூக்கமில்லை. ஆண்டவர் உபாகமம் 25:17, 18 வசனங்களைக் கொண்டு என்னோடு இடைப்பட்டார்.

அமலேக்கு இஸ்ரவேலின் முன்வரிசையைத் தாக்கவில்லை. இளைத்துப்போய், பின்னாலே தள்ளாடி வந்த பலவீனர்களைத்தான் வெட்டினான். வேதாகமக் கல்லூரியிலே இந்தப் பகுதியைப் பரீட்சையில் எழுதி நல்ல மார்க் வாங்கினவன் நான். ரெவிதீமில் மோசேயின் கைகளை ஆரோனும் ஊரும் தாங்கினதைப் பற்றி எத்தனையோ தரம் பிரசங்கித்திருக்கிறேன். கடைசி வரிசையில் செத்தவர்களைப் பற்றி ஒருநாளும் பிரசங்கித்ததில்லை.

1 சாமுவேல் 30-ஆம் அதிகாரத்தையும் வாசியுங்கள். அங்கேயும் அமலேக்கியர்தான். சிக்லாகைச் சுட்டெரித்துவிட்டுப் போகிற வழியிலே, ஒரு அமலேக்கியன் தன் எகிப்திய வேலைக்காரன் வியாதிப்பட்டான் என்று வெளியிலே விட்டுவிட்டுப் போகிறான். உபயோகமில்லாதவனை விட்டுவிட்டு முன்னே போவது, அதுதான் அமலேக்கின் சுபாவம். தாவீதோ, பெண்ஜாதி பிள்ளைகள் சிறைப்பட்டுப் போயிருக்கிற அவசரத்திலே, யாரோ ஒரு அந்நியனுக்கு அப்பமும் தண்ணீரும் அத்திப்பழமும் திராட்சை வற்றலும் கொடுத்து, அவன் உயிர் திரும்புகிறவரைக்கும் நிற்கிறான். கடைசியில் சத்துருவின் பாளயத்துக்கு வழிகாட்டினவனும் அவன்தான்! களைத்துப்போய்ப் பேசோர் ஆற்றண்டை தங்கிவிட்ட 200 பேருக்கும் தாவீது சரிபங்கு கொடுத்தான். பங்கு கொடுக்கக் கூடாது என்று சொன்னவர்களும் அவனோடே இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

இதே கொல்லிமலைக்கு நூறு வருஷத்துக்கு முன்னமே ஊழியத்துக்கு வந்தவர்கள் ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி ஈவ்லின் அம்மாவும். அன்றைக்கு இந்த ரோடு கிடையாது. நடை, இல்லாவிட்டால் டோலி. வருஷக்கணக்காய்ப் பாடுபட்டும் பலன் காணவில்லை. அவர்களை எதிர்த்து நின்ற ஒரு பூசாரி காய்ச்சலில் சாகக் கிடந்தபோது, ஊரார் பயந்து கிட்டே வரவில்லை. இந்த இருவர்தான் போனார்கள். அவர் தம்முடைய பெண்குழந்தையை அவர்கள் கையில் ஒப்புவித்து மரித்தார். அதற்குப் பிறகே மலை ஜனங்கள் சுவிசேஷத்துக்குச் செவிகொடுக்கத் தொடங்கினார்கள். ஜெஸ்ஸி 1929-ல் அந்த மலையிலேயே காய்ச்சல் கண்டு மரித்தார். ஈவ்லின் அம்மா 1974-ல் தமது 95-ஆம் வயதில் மரிக்கிறவரைக்கும் மலை ஜனங்களை விட்டுவிடவில்லை. முதிர்வயதிலே மூங்கில் கம்புகளை ஊன்றிக்கொண்டு நடந்தார்கள். வேலூரில் (நம்ம வேலூர் அல்ல, சி.எம்.சி. இருக்கிற வேலூர்) தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்த டாக்டர் பால் பிராண்ட் இவர்களுடைய மகன்.

தேவபிள்ளைகளே, ஆராதனையிலே நம்முடைய டிரம் சத்தம் கடைவீதி மட்டும் கேட்கிறது. நல்லதுதான். ஆனால் புருஷனை அடக்கம்பண்ணின பிறகு சபைக்கு வராமல்போன சகோதரியை எத்தனை பேர் விசாரித்தோம்? நான் விசாரிக்கவில்லை. மலையிலிருந்து வந்த மறுநாள் போனேன். பாய் விரித்து உட்காரச் சொல்லி, "அஞ்சு மாசமாச்சுங்க பாஸ்டர்" என்றார்கள். வேறே குறை ஒன்றும் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டு ஜெபித்துவிட்டு வந்தேன்.

இனி சனிக்கிழமை மாலைதோறும் இரண்டிரண்டு பேராய் வீடு சந்திக்கப் போகத் தீர்மானித்திருக்கிறோம். வர விருப்பமுள்ளவர்கள் ஆராதனை முடிந்து பெயர் கொடுக்கலாம். முதலாவது பெயர் கொடுத்தவர் அந்தப் பெரியவர்தான். "ஆனா மெதுவாத்தான் நடப்பேனுங்க பாஸ்டர்" என்றார். அவரோடு போகிறவன் நான்.