ரப்பர் மரத்தின் பட்டைக்குள்ளே

இந்தியாவில் ரப்பர் அதிகம் விளைவது கேரளத்தில். அங்கே கோட்டயம் பக்கம் போனால் எங்கும் ரப்பர் தோட்டங்கள்தான். விடிவதற்கு முன்பே பால் வெட்டும் தொழிலாளர்கள் வேலையைத் தொடங்கிவிடுவார்கள். ஒருவர் ஒரு காலையில் சுமார் 300 மரங்களில் பால் வெட்டுவார்.

கத்தி ஆழமாகப் போனால் மரம் காயப்படும். மேலோடு போனால் பால் குறையும். அப்படியானால் எவ்வளவு ஆழம் வெட்டலாம்? இதைத் தெரிந்துகொள்ளப் பட்டைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

செல்லும் திசுவும்

செங்கல் செங்கலாகச் சேர்ந்து வீடு ஆகிறது. செல் செல்லாகச் சேர்ந்து மரம் ஆகிறது. செல் மிகச் சிறியது. நுண்ணோக்கி வைத்துத்தான் பார்க்க முடியும். பல செல்கள் கூட்டாக ஒரு வேலையைச் செய்தால் அந்தக் கூட்டத்துக்குத் திசு என்று பெயர்.

வெளியிலிருந்து உள்ளே

முதலில் இருப்பது சொரசொரப்பான மேல்பட்டை. இதில் உள்ள செல்கள் இறந்தவை. ஆனாலும் மரத்தின் ஈரம் வெளியே போகாமல் காக்கின்றன.

அடுத்தது மென்மையான உள்பட்டை. இலைகள் வெயிலில் உணவு தயாரிக்கின்றன. அந்த உணவு உள்பட்டை வழியாகத்தான் வேருக்குப் போகிறது. இந்தத் திசுவுக்குப் புளோயம் என்று பெயர்.

அதற்கும் உள்ளே மிக மெல்லிய ஒரு திசு உண்டு. அதன் பெயர் கேம்பியம். அது உள்பக்கம் புதிய கட்டையையும், வெளிப்பக்கம் புதிய பட்டையையும் உண்டாக்குகிறது. மரம் பருப்பது இதனால்தான்.

கடைசியில் இருப்பது கட்டை. இதற்குச் சைலம் என்று பெயர். வேர் உறிஞ்சும் தண்ணீர் இதன் வழியாக இலைக்கு ஏறுகிறது.

பால் எங்கே இருக்கிறது?

உள்பட்டையில்தான் பால் குழாய்களும் இருக்கின்றன. செல்கள் வரிசையாகச் சேர்கின்றன. இடையில் உள்ள சுவர்கள் கரைகின்றன. அப்போது அவை குழாய் ஆகின்றன. விடியற்காலையில் மரத்தில் தண்ணீர் நிறைந்திருக்கும். குழாய்களில் அழுத்தம் அதிகமாக இருக்கும். அதனால் பால் நன்றாக வடியும். வெயில் ஏறினால் இலைகள் வழியே தண்ணீர் வெளியேறும். பாலும் குறையும். சில மணி நேரத்தில் பால் உறைந்து, வெட்டுவாய் தானே அடைபடும்.

கத்தி எங்கே நிற்க வேண்டும்?

பால் குழாய்கள் கேம்பியத்துக்கு அருகில்தான் அதிகம். ஆகவே கத்தி அதை நெருங்க வேண்டும். ஆனால் தொடக்கூடாது. சுமார் 1 மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைக்க வேண்டும். கேம்பியம் நலமாக இருந்தால் வெட்டிய இடத்தில் புதுப்பட்டை வளரும். சில ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் மறுபடி வெட்டலாம். கேம்பியம் காயப்பட்டால் அந்த இடம் முடிச்சு முடிச்சாகப் புடைக்கும். பிறகு அங்கே சரியாக வெட்ட முடியாது. பல ஆண்டு வருமானம் போய்விடும்.

மரத்தைச் சுற்றிப் பாதி அளவுக்குத்தான் வெட்டுவது வழக்கம். மீதிப் பாதியின் வழியாக வேருக்கு உணவு தடையின்றிப் போகும். சுற்றிலும் பட்டையை உரித்துவிட்டால் வேர் பட்டினி கிடக்கும். மரம் மெல்ல மெல்லச் செத்துப்போகும்.

தினமும் வெட்டினால் மரத்தால் ஈடுகொடுக்க முடியாது. இழந்த பாலை மறுபடி உண்டாக்க அதற்கு நேரம் வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டினால் மரமும் நிற்கும், பிழைப்பும் நிற்கும். பேராசைப்பட்டு வெட்டினால் பால் வற்றிவிடும்.

பதில் சொல்லுங்கள்

1. தண்ணீர் எந்தத் திசு வழியாக ஏறுகிறது? உணவு எந்தத் திசு வழியாக இறங்குகிறது?

2. பால் வெட்டும் கத்தி கேம்பியத்தைத் தொட்டால் என்ன ஆகும்?

3. உங்கள் ஊரில் மரத்தைச் சுற்றிக் கம்பியை இறுக்கிக் கட்டியிருக்கிறார்களா? மரம் பருக்கும்போது அதற்கு என்ன நேரும்? கூடிப் பேசுங்கள்.